குறிஞ்சிக்கு வந்த மீன்

விழா மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு மலர்க் குழுவினர் கேட்டபொழுது, தமிழாசிரியன் ஆதலின் சிலம்பைப் பற்றியோ திருமுறையைப் பற்றியோ எழுதுவேன் என்று அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். அந்நேரத்தில் கனடாவில் வாழும் நம் பழைய மாணவர் ஒருவர் அனுப்பிய ஒரு நிழற்படம் என் எண்ணத்தைத் திசை மாற்றிவிட்டது. முழங்கால் அளவு ஆற்றுநீரில், கம்பளிக் குல்லாவும் இறப்பர்க் காலணியுமாக அவர் நிற்கிறார். இரு கைகளிலும் ஏந்தியிருப்பது ஒரு பெருமீன். அதன் முதுகு சாம்பல் நீலம், வயிறு வெள்ளி, விலாவில் செவ்வந்தி நிறத்தில் மங்கலாக ஒரு கோடு. படத்தின் கீழே ஒரே ஒரு வரி: "சேர், ஸ்டீல்ஹெட் என்ற இந்த மீனுக்குத் தமிழில் என்ன பெயர்?"

வகுப்பில் இருந்த காலத்தில் ஆகுபெயருக்கு ஓர் எடுத்துக்காட்டுக் கேட்டால் மேற்கூரையைப் பார்த்தவர் அவர். இருபது ஆண்டு கழித்துப் பெயர் கேட்கிறார். விடை கூறாதிருத்தல் ஆசிரியனுக்கு அழகன்று. ஆயினும், எஃகுத்தலை என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்துக் கொடுத்து அவரை அனுப்பிவிடவும் மனம் வரவில்லை. தேடத் தொடங்கினேன். தேடிக்கொண்டு போனவன் வந்து நின்ற இடம் ஒன்ராறியோ அன்று. கண்டியிலிருந்து சாலை வழியே ஏறக்குறைய 100 கிலோமீற்றர் தொலைவிலுள்ள ஹோட்டன் சமவெளி. அவர் கையில் இருந்த மீனும் அச்சமவெளியின் ஓடைகளில் வாழும் வானவில் ட்ரவுட்டும் ஓரினமே. என் தாத்தா கூடையிற் சுமந்த மீனும் அதுவே.

இவ்வொற்றுமையை முதலில் விளக்கிவிடுகிறேன். வட பசிபிக் சமுத்திரத்தின் இரு கரையும் இம்மீனுக்குத் தாயகம். ஒருபுறம் அலாஸ்கா முதல் கலிபோர்னியா வரை, மறுபுறம் உருசியாவின் கம்சட்கா. 1792இல் வால்பௌம் என்னும் செருமானிய அறிஞர், கம்சட்கா மக்கள் வழங்கிய பெயரையே கொண்டு இதற்கு மைகிஸ் எனப் பெயரிட்டார். 1836இல் அமெரிக்கக் கரையிற் பிடிபட்ட அதே மீனுக்கு ரிச்சட்சன் என்பார் வேறொரு பெயர் சூட்டினார். இரண்டும் ஒன்றே என்று தெளிந்து, பழைய பெயருக்கே முதன்மை கொடுத்து, ஒன்கோரிங்கஸ் மைகிஸ் என்ற இன்றைய பெயரை அறிஞர் நிலைநாட்டியது 1989ஆம் ஆண்டளவில். ஒரு மீனின் பெயர் தீர இருநூறு ஆண்டு சென்றது என்றால், நம் மாணவர் இருபது ஆண்டு தாமதித்ததைக் குறை கூறலாகாது.

இம்மீனில் ஒரு வியப்பு உண்டு. ஒரே ஆற்றில், ஒரே தாயின் முட்டையில் பிறந்த குஞ்சுகளுள் சில ஆற்றிலேயே தங்கிச் சிறுமீனாய் வாழ்ந்து முடியும். வேறு சில, ஓரிரண்டு ஆண்டு கழிந்ததும் உடல் வெள்ளி நிறம் பெற்று, உவர்நீரைத் தாங்கும் வலுவும் பெற்று, ஆற்றோடு இறங்கிக் கடலுக்குப் போய்விடும். கடலில் உண்டு கொழுத்துச் சில ஆண்டுகளிற் பிறந்த ஆற்றுக்கே திரும்பிவந்து முட்டையிடும். தங்கியது வானவில் ட்ரவுட்; போய்த் திரும்பியது ஸ்டீல்ஹெட். குலம் ஒன்று, வாழ்வு இரண்டு. ஆற்றில் தங்கியது பெரும்பாலும் சிறிதாகவே இருக்கும். கடல் கண்டது பத்து இறாத்தலை எளிதில் எட்டும். 1970இல் அலாஸ்காவின் பெல் தீவருகே பிடிபட்ட ஒன்று 42 இறாத்தலுக்கு மேல் நிறை கொண்டது. அதனைப் பிடித்தவன் எட்டு வயதுச் சிறுவன் என்பதை நம் கீழ்ப்பிரிவு மாணவர்க்காகக் குறித்து வைக்கிறேன்.

இனி, இம்மீன் நம் மலைக்கு வந்த கதை. நுவரெலியாவும் ஹோட்டன் சமவெளியும் கடல் மட்டத்திலிருந்து ஆறாயிரம் ஏழாயிரம் அடி உயரத்தில் உள்ளவை. அங்குள்ள ஓடைகள் பளிங்கு போன்றவை. ஆனால் தூண்டிற்காரன் விரும்பும் பெருமீன் எதுவும் அவற்றில் இல்லை. கீழிருந்து ஏறிவர முடியாதவாறு நீர்வீழ்ச்சிகள் தடுத்துநின்றன. மீன் என்றால் நம் பழம்புலவர் உள்ளம் மருதத்து வாளையையும் நெய்தற் சுறாவையும் நோக்கியே ஓடும். குறிஞ்சியென்றால் தேனும் தினையும் கிழங்கும். நம் குறிஞ்சியும் அவ்வாறே இருந்தது. இதனை ஆங்கிலத் தோட்டத் துரைமாரால் பொறுக்க முடியவில்லை. ஊரைப்போல் குளிர், ஊரைப்போல் மூடுபனி, ஊரைப்போல் ஓடை. ஊர் மீன் மட்டும் இல்லை என்பது அவர்களுக்குப் பெருங்குறை.

மீனைக் கடல் கடத்துவது எவ்வாறு? உயிர்மீனைக் கொண்டுவருதல் அக்காலத்தில் இயலாத காரியம். முட்டையைக் கொண்டுவரலாம். ட்ரவுட் முட்டை குளிர்ந்த நீரிலே மெல்ல முதிரும். ஒரு கட்டத்தில் முட்டையினுள் இரண்டு கரும்புள்ளிகள் தோன்றும். அவை குஞ்சின் கண்கள். கண் தோன்றிய முட்டை சற்று வலியது. ஈரப் பாசியிற் பொதிந்து, பனிக்கட்டியின் குளிரில் வைத்தால், வளர்ச்சி தாமதப்பட்டுப் பல வாரம் உயிரோடிருக்கும். இந்த வித்தையைக் கொண்டு 1864இல் நோர்போக் என்னும் பாய்க்கப்பல் ஏறக்குறைய மூன்று மாதம் ஓடி இங்கிலாந்து முட்டைகளை மெல்பேணிற் சேர்க்க, அங்கிருந்து அவை தஸ்மேனியாவை அடைந்தன. அதற்கு முந்திய முயற்சிகளில் பனிக்கட்டி வழியிலேயே கரைந்து முட்டையெல்லாம் அழிந்தன. தஸ்மேனியா வென்றபின் மற்றக் குடியேற்ற நாடுகளுக்கும் ஆசை பிறந்தது. இலங்கைக்கு முதலில் வந்தது 1882இல், பழுப்பு ட்ரவுட் என்னும் ஐரோப்பிய இனம். அப்போது இருப்புப்பாதை நாவலப்பிட்டிக்கு அப்பால் செல்லவில்லை. நானுஓயாவை அது எட்டியது 1885இல்தான். ஆகவே, பனிக்கட்டிப் பெட்டிகள் பேராதனை வழியே புகைவண்டியில் வந்திருப்பினும், கடைசிப் பல மைல்களை மாட்டு வண்டியிலோ மனிதர் தலையிலோதான் கடந்திருத்தல் வேண்டும். அத்தலைகள் யாருடையவை என்று நம்மவர்க்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

பழுப்பு ட்ரவுட் இங்கே வாழ்ந்தது; ஆனால் தானாகப் பெருகித் தழைக்கவில்லை. பின்னர்க் கொண்டுவந்த வானவில் ட்ரவுட்டே ஹோட்டன் சமவெளியின் ஓடைகளில் குஞ்சு பொரித்துக் குடியானது. நுவரெலியாவில் குஞ்சு பொரிப்பகம் ஒன்று ஏற்பட்டது. இலங்கை மீன்பிடிக் கழகம் அதனை நடத்தி, ஓடைகளிற் குஞ்சு விட்டு, தூண்டில் போடுவோர்க்கு அனுமதிச் சீட்டும் வழங்கியது. கடலுக்கு அப்பாலுள்ள நீலகிரிக்கும் இம்மீன் போய்ச் சேர்ந்தது. அங்கே 1860களில் மருத்துவரும் மீனியல் அறிஞருமான பிரான்சிஸ் டே முயன்று தோற்றார். இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் வில்சன் என்பார் வென்றார். அவர் தருவித்தவற்றுள் இலங்கை ட்ரவுட்டும் உண்டு. தமிழகத்திலிருந்து மனிதர் இங்கே வந்ததை அறிவோம். இங்கிருந்து அங்கே மீன் போனதை அறிந்தோர் சிலரே.

வானவில் ட்ரவுட்டுக்கு வேண்டியது குளிர்ந்த, உயிர்வளி நிறைந்த, ஓடும் நீர். நீரின் வெப்பம் 20 பாகை செல்சியசுக்கு மேற்பட்டால் அதன் இரை விருப்பங் குறையும். மேலும் ஏறின் மூச்சுத் திணறும். வெந்நீரில் உயிர்வளி குறைவு என்பது விஞ்ஞான ஆசிரியர் கூறும் விதி. முட்டைக்கோ இன்னுங் குளிர் வேண்டும்: 10 பாகை நீரில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் குஞ்சு பொரிக்கும். கூழாங்கல் நிரம்பிய ஆற்றுப்படுக்கையைத் தாய்மீன் வாலால் அடித்துக் குழி செய்து முட்டையிட்டு, மீண்டும் கல்லால் மூடும். கற்களின் இடுக்கே தெளிந்த நீர் ஓடிக்கொண்டிருந்தாலன்றி முட்டை அழுகும். மேலே ஒரு சரிவை வெட்டிக் கிளறி, மழையில் அம்மண் ஓடைக்கு வந்தால், கண்ணுக்குத் தெரியாமலே ஒரு தலைமுறை மீன் புதைந்துபோகும்.

ஆதலின் நம் மலையின் ட்ரவுட் ஸ்டீல்ஹெட் ஆக முடியாது. ஹோட்டன் சமவெளியில் பிறக்கும் நீர் மூன்று பேராறுகளுக்குப் போகிறது. பெலிகுல் ஓயா வளவை கங்கைக்கும், பொகவந்தலாவைப் பக்கம் இறங்குவது களனிக்கும், ஆக்ர ஓயா கொத்மலை ஓயா வழியே மகாவலிக்கும் செல்கின்றன. கடல் தேடும் உந்துதல் குருதியிற் கொண்ட ஒரு குஞ்சு ஆக்ர ஓயாவோடு இறங்கிப் புறப்பட்டதென வைத்துக்கொள்வோம். தலவாக்கலையைக் கடந்து கொத்மலை நீர்த்தேக்கத்தை அணுகுமுன்பே நீர் வெதுவெதுப்பாகிவிடும். கம்பளையை அது உயிரோடு காணாது. கெட்டம்பேயில் நாம் எடுத்துக் குடிக்கும் மகாவலி நீரில் ஒரு பங்கு ட்ரவுட் வாழ்ந்த நீர்தான். பேராதனைப் பாலத்தில் நின்று ஆற்றைப் பார்க்கும்போதெல்லாம் இப்போது எனக்கு இந்நினைவு வருகிறது. நீர் மட்டும் வருகிறது. மீன் மேலேயே நின்றுவிட்டது.

இம்மீனைப் பிடிக்கும் முறை தனியானது. நாம் சிறுவயதில் மூங்கிற் கம்பில் தங்கூசி கட்டி, ஈயக்குண்டும் மிதப்பும் பூட்டி, மண்புழுவைக் கோத்து எறிந்திருப்போம். அங்கே குண்டின் பாரந்தான் நூலை இழுத்துச் செல்கிறது. ட்ரவுட் தூண்டிலில் குண்டும் இல்லை, புழுவும் இல்லை. சிறு கொக்கியில் பறவை இறகும் விலங்கின் மயிரும் பட்டு நூலால் இறுக்கிக் கட்டி, ஈயின் சாயலாகச் செய்வர். அதற்கு நிறையே இல்லை என்னலாம். நிறையற்ற ஒன்றை நாற்பது அடி தூரம் எறிவது எவ்வாறு? நூலுக்கே நிறை கொடுத்துவிடுவதுதான் சூட்சுமம். நூல் தடித்தது, கோல் எட்டு ஒன்பது அடி நீளமும் நல்ல வளைவும் உடையது. கோலைப் பின்னோக்கி உயர்த்தினால் நூல் பின்னால் பறந்து நீளும். அது முழுதும் நீண்டு முடியும்வரை ஒரு கணம் பொறுத்திருந்து முன்னோக்கி வீச வேண்டும். கடிகார முகத்தில் பத்து மணிக்கும் ஒரு மணிக்கும் இடையிலே கோலின் அசைவு அடங்கவேண்டும் என்பர். தடித்த நூலின் நுனியில் வரவர மெலியும் நுண்ணிழை ஒன்று உண்டு. முன்னாளில் அதனைப் பட்டுப்புழுவின் உடலிலிருந்து இழுத்தெடுத்தனர், இன்று நைலோன். பொய்யீ அதன் முனையில் கட்டப்பட்டு, மெய்யீ விழுவதுபோல் நீரில் அமரும்.

அந்த ஒரு கணப் பொறுமைதான் கலையின் கடினம். நான் இதைச் சொல்வது நூலறிவால் மட்டும் அன்று. நண்பரொருவரிடம் பழைய கோல் ஒன்றை இரவல் வாங்கி, கொக்கியைக் கழற்றிவிட்டு, ஒரு மாலை விளையாட்டுத் திடலில் வீசிப் பார்த்தேன். முதல் வீச்சில் நூல் என் கழுத்தைச் சுற்றியது. மூன்றாம் வீச்சில் உடற்பயிற்சி ஆசிரியரின் குடையைப் பற்றியது. மாணவர் சிரித்த சிரிப்பு மறுநாட் காலைப் பிரார்த்தனை வரையும் அடங்கவில்லை.

பொய்யீ செய்யும் வித்தை நேற்றுப் பிறந்ததன்று. ஏறக்குறைய கி.பி. 200இல் வாழ்ந்த ஏலியன் என்னும் உரோம எழுத்தாளர், மக்கதோனிய நாட்டு ஆறொன்றில் மீனவர் கொக்கியைச் செந்நிறக் கம்பளியாற் சுற்றிச் சேவலிறகு இரண்டு கட்டி மீன் பிடித்ததை எழுதிவைத்துள்ளார். நம் சங்கப் புலவர் காலத்திலிருந்து அது வெகு தொலைவன்று. அன்றுபோல் இன்றும் சேவலின் கழுத்திறகே மேலானது. அதன் விறைத்த இழைகள் பொய்யீயின் கால்களாக நின்று அதனை நீர்மேல் தாங்கும்.

எந்த ஈயைப் போலச் செய்வது என்பதில்தான் பருவ அறிவு புகுகிறது. மே ஈ என்று ஆங்கிலேயர் வழங்கும் பூச்சி ட்ரவுட்டின் முதன்மையான இரைகளுள் ஒன்று. மழைக்காலத்தில் விளக்கைச் சுற்றும் ஈசலோடு இதனை மயங்கலாகாது. ஈசல் கறையானின் குலம், மே ஈ நீரின் குலம். பல மாதம், சிலவேளை ஓராண்டுக்கு மேலும், கல்லின் அடியிலே புழுப்பருவத்தில் வாழ்ந்து, ஒரு நாள் நீர்மட்டத்துக்கு ஏறித் தோலுரித்துச் சிறகு விரிக்கும். சிறகு வந்தபின் மீண்டும் ஒருமுறை தோலுரிக்கும். பூச்சியினத்தில் வேறெதற்கும் இவ்வழக்கம் இல்லை. அதன்பின் அதற்கு உண்ண வாயும் இல்லை. கூடி, முட்டையிட்டு, பெரும்பாலும் ஓரிரு நாளில் இறந்து நீரில் விழும். இந்த ஒவ்வொரு நிலைக்கும் வெவ்வேறு பொய்யீ உண்டு: நீரடியில் உருளும் புழுவைப் போன்றது, மூழ்கி மேலேறுவதைப் போன்றது, மேலே மிதப்பதைப் போன்றது. மீன் ஒன்றையே தேர்ந்து உண்ணும் வேளையில் மற்றவற்றைக் காட்டினால் ஏறெடுத்தும் பாராது.

மீன் எப்போதும் நீரோட்டத்தை எதிர்நோக்கி நிற்கும். கல்லின் பின்னாலோ கரையின் குடைவிலோ ஓட்டம் தணிந்த இடம் பார்த்து நின்று, பக்கத்தில் ஓடிவரும் இரையை எட்டிக் கவ்வும். ஆகவே தூண்டிற்காரன் அதன் பின்புறமாக, ஆற்றின் கீழ்ப்பக்கத்திலிருந்து, நிழல் விழாமல் வரவேண்டும். பொய்யீ நீரின் வேகத்திலேயே மிதந்து வரவேண்டும். நூல் இழுத்து அதனைச் சிறிதளவு குறுக்கே நகர்த்தினாலும் மீன் வஞ்சகத்தை அறிந்துவிடும்.

நம் மலையில் பருவம் என்பது மழையே. தென்மேற்குப் பருவக்காற்றிலும் ஆண்டிறுதி மழையிலும் ஓடை பெருகிக் கலங்கும். அப்போது பொய்யீயால் பயனில்லை. மழை விட்டு நீர் தெளிந்து இறங்கும் நாட்களே மீன் துணிந்து இரையெடுக்கும் நாட்கள். தையிலும் மாசியிலும் நீர் வற்றிக் கண்ணாடிபோற் கிடக்கும்; மீன் மனிதனைத் தூரத்திலேயே கண்டு மறையும்.

வடபுலத்து ஆறுகளில் பருவத்தை வகுப்பது பனியும் மீனின் பயணமும். பசிபிக் கரையில் ஸ்டீல்ஹெட் இரு வகுப்பாக வரும். வேனில் வரவு முட்டை முதிராமலே ஆறேறி, மாதக்கணக்காகக் காத்திருந்து, அடுத்த இளவேனிலில் முட்டையிடும். பனிக்கால வரவு முதிர்ந்து வந்து விரைவில் முட்டையிடும். ஆற்றுக்குத் திரும்பியபின் இம்மீன் இரை தேடுவது மிகக் குறைவு. பசியால் அன்றி, பழைய நினைவாலோ எரிச்சலாலோதான் ஈயைக் கவ்வுகிறது என்பர். பெரிய வண்ண ஈயை ஆற்றின் குறுக்கே வீசி, ஓட்டத்தில் வளைந்து வரவிட்டு, ஓரடி இறங்கி நின்று மீண்டும் வீசவேண்டும். ஆயிரம் வீச்சின் மீன் என்று அதற்கு அங்கே பட்டப்பெயர் உண்டு.

நம் மாணவர் மீன் பிடித்தது போட் ஹோப் என்னும் ஊரில், கனரஸ்கா ஆற்றில். ரொறன்ரோவுக்குக் கிழக்கே ஏறக்குறைய 100 கிலோமீற்றர். அங்கே அணையொன்றின் அருகே மீன் ஏறிச்செல்லப் படிவழி அமைத்துள்ளனர். இளவேனிலில் பெருமீன்கள் ஒன்றன்பின் ஒன்றாய்த் தாவி ஏறுவதைக் காணக் குடும்பத்தோடு மக்கள் செல்வர். தென் ஒன்ராறியோவின் பல ஆறுகளில் ஏப்ரல் நான்காஞ் சனிக்கிழமை ட்ரவுட் பருவம் திறக்கும். ஆனால் அங்கும் இம்மீன் வந்தேறியே! பெரும் ஏரிகள் அதன் தாயகம் அல்ல. பசிபிக் கரையிலிருந்து 1870களிலே கொண்டுவந்து விடப்பட்டது. ஏரியையே கடலாக எண்ணி வளர்ந்து ஆற்றுக்குத் திரும்புகிறது. குடிபெயர்ந்த நம் மாணவர் கையில் குடிபெயர்ந்த மீன். இதனை அவருக்கு எழுதியபோது, "அதனால்தான் இரண்டு பேருக்கும் குளிர் பழகிவிட்டது, சேர்" என்று மறுமொழி வந்தது.

என் தாத்தா ஆக்ரபத்தனைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். 1940களில், பன்னிரண்டு பதின்மூன்று வயதில், துரையொருவர் ஓடைக்குப் போகும்போது கூடையும் கைவலையும் சுமந்து செல்வது அவருக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை. லயத்துச் சேவல்களின் கழுத்திறகைப் பிடுங்கிக் கொடுப்பதும் அவரே. நல்ல செம்பழுப்பு இறகுக்குச் சில்லறை கிடைக்குமாம். தோட்டத்தில் கழுத்து மொட்டையான சேவல்கள் திரிந்ததற்கு ட்ரவுட் மீனே காரணம் என்று சிரித்துச் சிரித்துச் சொல்வார். துரையைவிட அவருக்கே ஓடை நன்கு தெரிந்திருந்தது. எந்தக் கல்லின் பின்னால் மீன் நிற்கும், எந்த மேகம் வந்தால் ஈ எழும் என்பதைக் கேட்டுத்தான் துரை வீசுவாராம். "கோலு அவரு கையில இருந்துச்சு தம்பி, கண்ணு என்கிட்ட இருந்துச்சு" என்பார்.

பிடித்தவை எல்லாம் பங்களாவுக்குப் போயின. ஒருமுறை மட்டும், வலையில் நசுங்கிப்போன ஒரு மீனை அவரிடமே விட்டார்கள். பாட்டனாரின் தாயார் அதைப் புளியும் மிளகாயும் கூட்டிக் குழம்பு வைத்தார். மீன் கரைந்துவிட்டது, எட்டுப் பேர் இருந்த அறையில் ஆளுக்கு ஒரு விரல் குழம்புதான். என்ன ருசி என்று நான் கேட்டதற்கு, "தண்ணி ருசி" என்றார். இகழ்ச்சியா புகழ்ச்சியா என்று அவர் இறக்கும்வரை எனக்கு விளங்கவில்லை. 1950களின் தொடக்கத்தில் நாட்டுக்கு வந்த திலாப்பியாவும் அயலான்தான். அது ஏழை வீட்டுச் சட்டிக்கு வந்துவிட்டது. ட்ரவுட் வரவில்லை. இதில் மீனின் குற்றம் ஒன்றுமில்லை.

மீனின் குற்றம் வேறிடத்தில் இருக்கிறது. ஹோட்டன் சமவெளியின் குளிரோடைகளில் ஒரு சிற்றிறால் வாழ்கிறது. லங்காரிஸ் சிங்களென்சிஸ் என்பது அதன் அறிவியற் பெயர். அச்சமவெளியையும் அதனை அடுத்த சிறு வட்டாரத்தையும் தவிர உலகில் வேறெங்கும் அது இல்லை. பெருமீனே இல்லாத நீரில் எண்ணிறந்த தலைமுறை வாழ்ந்த உயிர் அது. அவ்வோடைக்கு வானவில் ட்ரவுட் வந்தது. இறாலையும் சிறு நண்டையும் இரையாகக் கொண்டது. பழுப்பு ட்ரவுட், வானவில் ட்ரவுட் ஆகிய இரண்டும் உலகின் மிகக் கொடிய 100 வந்தேறி உயிர்களின் பட்டியலில் உள்ளன என்பதை அறிந்தபோது, தாத்தாவின் கூடைமீதிருந்த என் பாசம் சற்றே ஆட்டங் கண்டது.

ஹோட்டன் சமவெளி 1988இல் தேசியப் பூங்காவாயிற்று. 2010இல் மத்திய மலைநாட்டின் பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்தது. துரைமார் தங்கிய ஃபார் விடுதி இன்று பார்வையாளர் நிலையம். தேசியப் பூங்காவில் உயிர் எதனையும் பிடித்தல் குற்றம். ஆகவே, இறாலைக் காக்க எழுந்த அதே சட்டம் இறாலை உண்ணும் மீனையும் தூண்டிலிலிருந்து காத்துநிற்கிறது. சட்டம் இயற்றியவர் இதனை எண்ணியிருக்கமாட்டார்.

கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் இதே சிக்கல் எழுந்தது. மீனே இல்லாத மலையேரிகளில் ட்ரவுட்டை விட்டனர். அங்கே மட்டும் வாழ்ந்த மஞ்சட்கால் தவளைகள் அருகிப்போயின. இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து, தெரிந்தெடுத்த சில ஏரிகளில் வலையிட்டு ட்ரவுட்டை முற்றாக அகற்றினர். அவ்வேரிகளுக்குத் தவளை திரும்பியது. எல்லா ஏரியிலும் அகற்றவில்லை. தூண்டிற்காரர்க்கு மற்றவை இருந்தன. நம் சமவெளியிலும், வீழ்ச்சிக்கு மேலுள்ள சில சிற்றோடைகளை மட்டும் அறிஞர் மேற்பார்வையில் இறாலுக்கே விட்டுக்கொடுக்கலாம் என்பது என் கருத்து. ஏனையவற்றில் ட்ரவுட் வாழட்டும். நூறாண்டுக்கும் முன் பெட்டியில் அடைத்துக் கொண்டுவரப்பட்டது வரக் கேட்டு வந்ததன்று. வந்தவரையெல்லாம் ஒரு நாளில் அந்நியர் என்று திருப்பியனுப்பப் பார்த்த வரலாறு நம் மலையகத்தாருக்குப் புதிதன்று. அதனால் என் தீர்ப்பு சற்றே ஒருபுறம் சாய்ந்திருக்கலாம். வாசகர் அதனை அறிந்தே படிக்கட்டும்.

பெயர்க் கேள்விக்கு என்ன விடை எழுதினேன் என்று சிலர் கேட்கக்கூடும். ட்ரவுட் என்பதையே வைத்துக்கொள்ளுமாறு எழுதினேன். வந்த மீன் வந்த பெயரோடு இருப்பதில் தமிழுக்கு இழுக்கில்லை. ஸ்டீல்ஹெட்டுக்கு மட்டும், மீள்மீன் என்று ஒரு சொல்லைச் சொல்லி வைத்தேன். அவர் தம் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

சென்ற ஆண்டு மேல்வகுப்பு மாணவரை ஹோட்டன் சமவெளிக்கு அழைத்துச் சென்றோம். காலை மூடுபனி விலகும் வேளையில், பாதையோரத்து ஓடைக்கரையில் வயிறு நிலத்திற்பட அவர்களைப் படுக்கவைத்து, நிழல் விழாமல் நீரைப் பார்க்கச் சொன்னேன். சிறிது நேரத்தில் நடு ஓட்டத்தில் ஒரு வட்டம் எழுந்து விரிந்தது. "மீன், சேர்!" என்று ஒருவன் கூவ, எல்லாரும் அப்பக்கம் திரும்பினர். கடைசியில் படுத்திருந்த சிறுவன் மட்டும் திரும்பவில்லை. ஓட்டம் தணிந்த கரையோரத்தில், புல்வேரின் இடையே, விரல்நுனி அளவில் கண்ணாடி போன்ற ஒன்று அசைவதையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் அவன் பக்கத்தில் படுத்தேன். அது ஓர் இறால்.